நாட்டின் நோட்டையும் காசையும் மாற்றலாமா? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பணம் எண்ணிப் பழகிய காசாளரை ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். கட்டைப் பிரித்து எண்ண ஆரம்பித்துவிட்டால் அவர் கண் நோட்டின் மேல் இருக்காது. எதிரில் நிற்பவரிடம் பேசிக்கொண்டே எண்ணுவார். நடுவில் சட்டென்று கட்டைவிரல் நின்றுவிடும். இரண்டு தாளைப் பின்னுக்குத் தள்ளி, ஒன்றை மட்டும் உருவி எடுப்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது அதற்கு அப்புறம்தான். சந்தேகம் முதலில் வந்தது விரலுக்கு.

பணத்தின் வடிவத்தை மாற்றலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் யார் முகம், எந்தச் சின்னம், என்ன நிறம் என்றுதான் விவாதம் ஓடுகிறது. எனக்கு அந்தக் கட்டைவிரல் ஞாபகம் வரும். கோடிக்கணக்கான விரல்கள் வருடக்கணக்கில் படித்து வைத்த பாடத்தை அழித்து, புதுப்பாடம் படிக்கச் சொல்லப்போகிறோம். அதற்குத் தகுந்த காரணம் இருந்தால் மாற்றத்தான் வேண்டும். இல்லையென்றால் கை வைக்காமல் விடுவது உத்தமம். இரண்டில் எது என்று கண்டுபிடிக்க, நான் யோசிக்கும் வரிசை இது. கட்டுரை எழுதுபவர், விவாதத்தில் பேசுபவர், அரசு அறிவிப்பைப் படித்துவிட்டுக் குழம்புபவர், யாருக்கும் உதவும்.

படி 1: கோளாறு என்ன என்று ஒரே வரியில் எழுதுங்கள்

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, "இப்போதிருக்கும் பணத்தில் என்ன கோளாறு?" என்பதற்கு ஒரு வாக்கியத்தில் பதில் எழுதுங்கள். "பழசாகிவிட்டது", "நவீனமாக இல்லை" என்பதெல்லாம் பதிலே இல்லை. அமெரிக்காவின் 1 டாலர் நோட்டு 1963க்குப் பிறகு பெரிய மாற்றமில்லாமல் வந்துகொண்டிருக்கிறது. அதை மறுவடிவமைக்கப் பணம் செலவிடக் கூடாது என்று அந்த நாட்டு நாடாளுமன்றமே தடை போட்டு வைத்திருக்கிறது. அத்தனை சின்ன நோட்டைக் கள்ளத்தனமாக அச்சடிக்க யாரும் பெரிதாக மெனக்கெடுவதில்லை. பழசாக இருந்தால் என்ன, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஏற்கத்தக்க பதில்கள் கொஞ்சம்தான். கள்ளப்பணம் பெருகிவிட்டது என்பது ஒன்று. பிரிட்டனின் பழைய வட்டமான 1 பவுண்டு காசில் ஏறக்குறைய 30க்கு ஒன்று போலி என்ற நிலை வந்தபோது, 2017 மார்ச்சில் 12 பக்கமுள்ள, இரண்டு உலோக நிறம் கொண்ட புதுக்காசு வந்தது. கோளாறு தெளிவு, மருந்தும் தெளிவு. அடுத்தது, காசின் மதிப்பைவிட அதைச் செய்யும் செலவு கூடிவிடுவது. அமெரிக்காவின் 1 சென்ட் காசைச் செய்ய 2024இல் 3.69 சென்ட் ஆனது. 2025 நவம்பரில் புழக்கத்துக்கான கடைசி சென்ட்டை ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலையில் அடித்து முடித்தார்கள். பிறகு, பார்வையற்றவர்களால் பணத்தைப் பிரித்தறிய முடியாமல் இருப்பது. விலைவாசி ஏறி நோட்டில் பூஜ்யங்கள் குவிந்துவிடுவது. பெரிய நோட்டு குற்றவாளிகளுக்கு வசதியாகிவிடுவது. நாடு புதிதாகப் பிறப்பது அல்லது ஆட்சிமுறையே மாறுவது. என் கணக்கில் இவ்வளவுதான்.

உங்கள் தாளில் எழுதிய வரி இதில் எதிலும் சேரவில்லையென்றால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை. மாற்ற வேண்டாம் என்பதுதான் விடை.

படி 2: கள்ளநோட்டுதான் காரணம் என்றால், எண்ணைக் கேளுங்கள்

"கள்ளநோட்டு அதிகமாகிவிட்டது" என்று யாராவது சொன்னால், உடனே கேட்க வேண்டிய கேள்வி: புழக்கத்தில் இருக்கும் 10 லட்சம் நல்ல நோட்டுக்கு எத்தனை போலி? 2023இல் யூரோ நோட்டுகளில் ஏறக்குறைய 4,67,000 போலிகள் பிடிபட்டன. தனியாகக் கேட்டால் பயமாக இருக்கும். 10 லட்சத்துக்கு 16 என்று சொன்னால் பயம் கொஞ்சம் தணியும். எந்த நோட்டில் அதிகம், எவ்வளவு தரமான போலி என்பதையும் கேளுங்கள். வீட்டு பிரின்டரில் எடுத்த நகல்தான் பெரும்பாலும் பிடிபடுகிறது என்றால், பணத்தின் வடிவத்தில் குறையில்லை, பார்த்து வாங்கும் பழக்கத்தில்தான் குறை.

இந்த இடத்தில் நோட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். தகட்டில் செதுக்கிய கோடுகளில் மையை நிரப்பி, பெரும் அழுத்தத்தில் தாளில் பதிப்பார்கள். மை தாளின் மேல் மேடாக நிற்கும். நகத்தால் வருடினால் சொரசொரக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வாட்டர்மார்க் தெரியும். அது அச்சே கிடையாது, தாள் செய்யும்போதே நாரின் கனத்தைக் கூட்டிக் குறைத்து உண்டாக்குவது. சாய்த்தால் நிறம் மாறும் மை, உள்ளே ஓடும் பாதுகாப்பு இழை, பூதக்கண்ணாடியில் மட்டும் தெரியும் பொடி எழுத்து என்று அடுக்கிக்கொண்டே போகலாம். சில நாடுகளின் நோட்டில் சின்னச் சின்ன வட்டங்கள் சிதறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நிறநகல் இயந்திரம் அந்தப் புள்ளிக்கோலத்தை அடையாளம் கண்டு நகல் எடுக்க மறுத்துவிடும்.

இந்த அம்சங்கள் எல்லாருக்குமானவை கிடையாது. சில பொதுமக்களுக்கு, சில பணம் எண்ணும் இயந்திரத்துக்கு, சில மத்திய வங்கிக்கு மட்டும் தெரிந்த ரகசியம். கள்ளநோட்டு அடிப்பவருக்கு மூன்றையும் தாண்டத் தேவையில்லை. அவசரத்தில் இருக்கும் ஒருவரின் அரை நொடிப் பார்வையைத் தாண்டினால் போதும். ஆகவே புது வடிவமைப்பில் "20 பாதுகாப்பு அம்சங்கள்" என்று விளம்பரம் வந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். அந்த அரை நொடியில் பார்க்க வேண்டியது எது என்று ஒன்றை, மிஞ்சிப்போனால் இரண்டைச் சொல்லத் தெரியாத வடிவமைப்பு, காசாளருக்கு உதவாது.

இன்னொரு சங்கதி. நோட்டு எவ்வளவு பாதுகாப்பாக இருந்தாலும், அச்சடிக்கச் சொல்லும் கடிதம் போலியாக இருந்தால் என்ன செய்வது? 1925இல் போர்ச்சுகலில் அதுதான் நடந்தது. ஆல்வெஸ் டோஸ் ரெய்ஸ் என்பவர் போலி ஒப்பந்தத்தைக் காட்டி, போர்ச்சுகலுக்கு நோட்டு அச்சிட்டுத் தந்துகொண்டிருந்த லண்டன் நிறுவனத்தையே தமக்கும் 500 எஸ்குடோ நோட்டு அச்சிட வைத்தார். தாளில், மையில், தகட்டில் ஒரு குறையும் இல்லை. ஒரே வரிசை எண்ணில் இரண்டு நோட்டு கிடைத்த பிறகுதான் குட்டு உடைந்தது. எந்த மறுவடிவமைப்பும் அதைத் தடுத்திருக்காது.

படி 3: சின்ன வைத்தியம் போதுமா என்று பாருங்கள்

எல்லாவற்றையும் மாற்றுவதற்கு முன், ஒன்றை மட்டும் மாற்றினால் தீருமா என்று பார்த்துவிடுங்கள்.

தேவையற்றதை நிறுத்துவது மலிவான வைத்தியம். கனடா 2012இல் 1 சென்ட் அடிப்பதை நிறுத்தியது. 2013 பிப்ரவரியோடு வங்கிகளுக்கு விநியோகமும் நின்றது. ரொக்கமாகக் கொடுத்தால் மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 சென்டுக்குச் சரிசெய்துகொள்வார்கள். அட்டையில் கட்டினால் சென்ட் கணக்கு அப்படியே. உலகம் இடிந்து விழவில்லை. பெரிய நோட்டு குற்றவாளிகளுக்குத்தான் வசதி என்று பட்டால், அதை மட்டும் நிறுத்தலாம். ஐரோப்பிய மத்திய வங்கி 2016இல் 500 யூரோ நோட்டை நிறுத்த முடிவெடுத்தது. 2019 ஏப்ரலுக்குள் வெளியீடு முழுக்க நின்றது. கையில் இருந்தவை செல்லாமல் போகவில்லை. அந்தச் செய்தி பல பேருக்குத் தெரியவே தெரியாது. இந்த வகை மாற்றத்துக்கு அதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.

தோற்றத்தை வைத்துக்கொண்டு உள்ளே பலப்படுத்துவது இன்னொரு வழி. 2013இல் தொடங்கிய யூரோவின் இரண்டாம் வரிசை அப்படித்தான். நிறமும் பாலங்களும் பழைய சாயலிலேயே இருந்தன. வாட்டர்மார்க்கும் மின்னும் எண்ணும் புதியவை. விரல் படித்த பாடத்தில் பாதிக்கு மேல் மிஞ்சியது.

படி 4: கண்ணை மூடிக்கொண்டு சோதியுங்கள்

இந்தப் படியைப் பலரும் கடைசியில் சேர்க்கிறார்கள். நான் வடிவமைப்புக்கு முன்பே வைப்பேன், ஏனென்றால் அளவை முடிவு செய்யாமல் வடிவமைக்க உட்கார முடியாது.

எல்லா மதிப்பிலும் ஒவ்வொரு நோட்டை எடுத்துக் கலைத்து, கண்ணை மூடிக்கொண்டு வரிசைப்படுத்துங்கள். யூரோவில் முடியும், மதிப்பு ஏற ஏற நோட்டும் பெரிதாகும். அமெரிக்க டாலரில் முடியாது. 1 டாலரும் 100 டாலரும் ஒரே அளவு. இது பார்வையற்றோருக்கு எதிரான பாகுபாடு என்று 2008இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற பள்ளி மாணவன் ஒருவனுக்குக் கிறிஸ்துமஸுக்கு யாரோ பணம் கொடுத்திருக்கிறார்கள். எவ்வளவு என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் தொடங்கிய கையெழுத்து இயக்கத்தின் பலனாக, 2016இலிருந்து வந்த நோட்டுகளில் ஓரத்தில் மேடான புள்ளிகள் ஏறின. 5 டாலருக்கு ஒன்று, 10க்கு இரண்டு, அப்படியே 100க்கு ஐந்து. படிக்கத் தெரிய வேண்டிய பிரெய்ல் எழுத்தைவிட எண்ணினால் போதும் என்ற இந்த முறை எனக்குப் பிடிக்கும். பார்வை போனவர்கள் எல்லாருக்குமே பிரெய்ல் தெரியும் என்று சொல்ல முடியாது, குறிப்பாக வயதான பிறகு பார்வை இழந்தவர்களுக்கு.

காசில் இந்தச் சோதனை இன்னும் கண்டிப்பாகத் தேவை, ஏனென்றால் சட்டைப் பையில் கையை விட்டுத் துழாவித்தான் எல்லாரும் காசை எடுக்கிறோம். 1979இல் அமெரிக்கா சூசன் பி. ஆன்டனி உருவம் பொறித்த 1 டாலர் காசை வெளியிட்டது. குறுக்களவு 26.5 மில்லிமீட்டர். ஏற்கெனவே இருந்த கால் டாலர் காசு 24.3 மில்லிமீட்டர். இரண்டும் வெள்ளி நிறம், இரண்டின் விளிம்பிலும் வரிவரியாகக் கோடு. 4 மடங்கு மதிப்புள்ள காசைக் கால் டாலர் என்று நினைத்துக் கொடுத்துவிட்டு ஏமாந்தவர்கள் அதை வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். இதில் வேடிக்கை, முதலில் அதை 11 பக்கமுள்ள காசாகச் செய்யத்தான் யோசித்தார்கள். காசு போட்டால் பொருள் தரும் இயந்திரக்காரர்கள் மறுக்கவே, காசு வட்டமாகிவிட்டது. 11 பக்கம் காசின் உள்ளே வெறும் கோடாக மட்டும் தங்கிப்போனது. கண்ணுக்குத் தெரியும், விரலுக்குத் தெரியாது.

பிலிப்பைன்ஸிலும் இதே கதைதான். 2017இல் வந்த 5 பெசோ காசு 1 பெசோ காசைப் போலவே இருக்கிறது என்று புகார் மேல் புகார். 2019 கடைசியில் அதை 9 பக்கமுள்ள காசாக மாற்றினார்கள். இரண்டு வருடத்தில் ஒரு காசுக்கு இரண்டு வடிவமைப்புச் செலவு.

படி 5: எதில் செய்வது

நோட்டு என்றால் பருத்தி நார்த் தாள், அல்லது பாலிமர் எனப்படும் பிளாஸ்டிக். பாலிமரின் கதை ஒரு தோல்வியில் ஆரம்பிக்கிறது. ஆஸ்திரேலியா 1966 பிப்ரவரியில் புது டாலரை வெளியிட்டது. அந்த வருடம் முடிவதற்குள் 10 டாலர் நோட்டில் கள்ளநோட்டு வந்துவிட்டது. அதிர்ந்துபோன ரிசர்வ் வங்கி விஞ்ஞானிகளைக் கூப்பிட்டது. 20 வருடத்துக்கு மேல் ஆராய்ந்து, 1988இல் முதல் பாலிமர் நோட்டு. 1996இல் எல்லா மதிப்பும் பாலிமர்.

பாலிமர் நீடித்து உழைக்கும். தாளைப் போல 2 மடங்குக்கு மேல் ஆயுள் என்று பிரிட்டனின் மத்திய வங்கி சொல்கிறது. தண்ணீரில் ஊறாது, அழுக்குப் பிடிப்பதும் குறைவு. ஆனால் அச்சடிக்கும் செலவு கூட, மடித்தால் வில் மாதிரி நிமிர்ந்துகொள்ளும், புதுக்கட்டு வழுக்கும். ஒரு நோட்டு சராசரியாக எத்தனை மாதம் கைமாறுகிறது, எந்த வெப்பத்தில் கிடக்கிறது என்று தெரியாமல் இதில் முடிவு சொல்ல முடியாது. சீக்கிரம் கிழியும் சின்ன மதிப்பு நோட்டுக்குப் பாலிமரோ, அல்லது நோட்டே வேண்டாம் காசுதான் என்பதோ பெரும்பாலும் லாபம். அரிதாகவே கைமாறும் பெரிய நோட்டுக்கு அந்தக் கணக்கு அவ்வளவு சுலபமாக ஒத்துவராது.

மூலப்பொருளில் என்ன கலந்திருக்கிறது என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். 2016இல் பிரிட்டன் 5 பவுண்டு பாலிமர் நோட்டை வெளியிட்ட பிறகுதான், அதில் மாட்டுக்கொழுப்பிலிருந்து வரும் பொருள் துளியளவு இருப்பது வெளியே தெரிந்தது. சைவ உணவுக்காரர்களும் இந்துக்கள் உள்ளிட்ட சில மதத்தவரும் கொதித்தார்கள். மனுவில் லட்சத்துக்கு மேல் கையெழுத்து. மத்திய வங்கி ஆலோசித்து, அப்படியே தொடர்வதென்று 2017இல் முடிவு செய்தது. சரியோ தவறோ, அந்தக் கேள்வியை வெளியீட்டுக்கு முன் யாராவது கேட்டிருக்க வேண்டும்.

காசுக்கு ஒரே விதி: உள்ளே இருக்கும் உலோகத்தின் விலை முகமதிப்பைத் தாண்டக் கூடாது. தாண்டினால் காசு உருக்குபவரின் உலைக்குத்தான் போகும். பல நாடுகள் எஃகின் மேல் மெல்லிய பூச்சுக்கு மாறியது அதனால்தான்.

படி 6: எந்தெந்த மதிப்பு

1, 2, 5 என்ற வரிசை உலகம் முழுக்கப் புழங்கிச் சலித்தது. அதிலிருந்து விலகக் காரணம் வேண்டும். 1987இல் பர்மாவின் இராணுவ அரசு 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்துவிட்டு 45, 90 கியாட் நோட்டுகளை வெளியிட்டது. இரண்டும் 9ஆல் வகுபடும் எண்கள். ஆட்சியாளர் நெ வின்னுக்கு 9 ராசியான எண் என்பது அங்கே பரவலான பேச்சு. சில்லறை கொடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அந்த ராசி. மக்களின் சேமிப்பு கரைந்துபோனது, அடுத்த வருடம் நாடே வீதிக்கு வந்தது.

எந்த மதிப்புவரை காசு, எதிலிருந்து நோட்டு என்று தீர்மானிக்க ஒரு பழைய கைக்கணக்கு உண்டு. சராசரி ஒரு நாள் சம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 50இல் ஒரு பங்குக்கும் 20இல் ஒரு பங்குக்கும் நடுவில் காசு முடிந்து நோட்டு தொடங்க வேண்டும். துல்லியமான சட்டம் கிடையாது; ஆனால் ஒரு நாட்டின் பணவரிசை விலைவாசியோடு எவ்வளவு பொருந்தாமல் போய்விட்டது என்பதை இது சட்டென்று காட்டிக்கொடுக்கும்.

பூஜ்யங்களை வெட்டுவது தனி விஷயம். துருக்கி 2005இல் 6 பூஜ்யங்களை வெட்டியது; 10 லட்சம் பழைய லிரா 1 புது லிரா ஆனது. விலைவாசி ஏற்றத்தை முதலில் அடக்கிவிட்டுச் செய்ததால் நிலைத்தது. ஜிம்பாப்வே 2006இல் 3, 2008இல் 10, 2009இல் 12 பூஜ்யங்களை வெட்டியது. ஒவ்வொரு தடவையும் பூஜ்யம் திரும்பி வந்தது, கடைசியில் அந்தப் பணமே காணாமல் போனது. காய்ச்சல் இருக்கும்போது வெப்பமானியை மாற்றிப் பயனில்லை.

படி 7: யார் முகம், என்ன எழுத்து

சண்டை நடக்கப்போவது இங்கேதான், அதனால் அவகாசம் ஒதுக்குங்கள். மனித முகத்துக்கு ஒரு நடைமுறைப் பயன் உண்டு: முகத்தில் கோடு கொஞ்சம் பிசகினாலும் நம் கண் கண்டுபிடித்துவிடும். கட்டடத்தில் ஒரு சன்னல் கோணினால் கவனிக்க மாட்டோம். ஆனால் உயிரோடு, பதவியில் இருப்பவரின் முகத்தைப் போட்டால் அவரோடு நோட்டும் போகும். ஜயர் நாட்டில் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) அதிபர் மொபுட்டு 1997இல் வீழ்ந்த பிறகு, அவர் படமிருந்த நோட்டுகளில் முகத்தை மட்டும் துளைபோட்டு எடுத்துவிட்டுப் புழங்கியதை உலகம் பார்த்தது.

யூரோ இன்னொரு எல்லைக்குப் போனது. எந்த நாடும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று, ஆஸ்திரிய வடிவமைப்பாளர் ராபர்ட் கலினா எங்கேயும் இல்லாத பாலங்களை வரைந்தார். நெதர்லாந்தின் ஸ்பெய்கெனிசே என்ற ஊர்க்காரர்கள் குசும்பாக அந்த ஏழு பாலங்களையும் நிஜத்தில் கட்டி, தங்கள் ஊர்ப் பாலங்களாக்கிக்கொண்டார்கள். எனக்குப் பிடித்தது நார்வே. 2017இலிருந்து வந்த நோட்டுகளுக்குக் கடல்தான் கருப்பொருள். பின்பக்கம் சின்னச் சின்னக் கட்டங்களாலான சித்திரம். 50 குரோனரில் காற்று மெல்ல வீசுவதால் கட்டங்கள் குட்டையாக இருக்கும், 1000 குரோனரில் காற்று பலமாகி நீண்டு இழுபடும். மதிப்பு ஏறுவதைக் காற்றாலேயே சொல்லிவிட்டார்கள்.

எழுத்தை அலட்சியமாக விடாதீர்கள். தமிழர்களுக்கு இதற்கு வேறெங்கும் போக வேண்டாம், மொரீஷியஸ் இருக்கிறது. அங்கே நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதற்கு அடுத்து தேவநாகரி எழுத்து என்பது பழைய வரிசை. 1998இல் வந்த புது நோட்டுகளில் தமிழ் கீழே இறங்கிவிட்டது. தமிழர்கள் கிளர்ந்து எழுந்தார்கள். அச்சடித்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சிட வேண்டியதாயிற்று. இரண்டு வரி இடம் மாறியதற்கு ஒரு நாட்டின் பணம் முழுக்க மறு அச்சு. வடிவமைப்பாளர் மேசையில் அது அழகுக்காகச் செய்த சின்னத் திருத்தமாகக்கூட இருந்திருக்கலாம். அதனால், வரைபடம் முடிவாகும் முன் அந்தப் பணத்தில் தங்கள் மொழியோ முகமோ இருக்கும் ஒவ்வொரு தரப்பையும் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.

படி 8: இயந்திரங்களை எண்ணுங்கள், பிறகு தேதி குறியுங்கள்

ஏடிஎம், பணம் எண்ணும் இயந்திரம், பயணச்சீட்டு இயந்திரம், நிறுத்துமிடக் கட்டணப் பெட்டி, எல்லாவற்றுக்கும் புதுப்பணத்தை அறிமுகப்படுத்த வேண்டும். நோட்டின் அகலம் மாறினால் மென்பொருள் மட்டும் போதாது, உள்ளே நோட்டு அடுக்கும் பெட்டியையே ஆள் போய்ச் சரிசெய்ய வேண்டும். 2016 நவம்பர் 8 இரவு இந்தியாவில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் அந்த இரண்டு நோட்டில்தான் இருந்தது. மாற்றாக வந்த நோட்டுகளோ வேறு அளவு. நாட்டிலிருந்த 2 லட்சத்துக்கு மேற்பட்ட ஏடிஎம்களை ஒவ்வொன்றாகத் திறந்து சரிசெய்யும்வரை வரிசைகள் நீண்டன. கொள்கை சரியா தவறா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். அளவை மாற்றாமல் இருந்திருந்தால் இந்த ஒரு தலைவலியாவது குறைந்திருக்கும்.

ஜப்பானைப் பாருங்கள். 2019 ஏப்ரலில் புது நோட்டுகளை அறிவித்தார்கள். வெளியிட்டது 2024 ஜூலை 3. நடுவில் 5 வருடம். அப்படியும் எல்லா இயந்திரமும் அன்றைக்குத் தயாராக இல்லை, ஆனால் பழைய நோட்டும் செல்லும் என்பதால் யாரும் தவிக்கவில்லை.

படி 9: பழைய பணத்தை என்ன செய்வது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இத்தனை படியிலும் ஒன்றைத்தான் படிப்பேன் என்றால், இதைப் படியுங்கள். புதுப்பணத்தை வெளியிடுவது வேறு, பழையதைச் செல்லாது என்பது வேறு. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டியபோதுதான் பெரிய விபத்துகள் நடந்திருக்கின்றன.

நைஜீரியாவில் 2022 அக்டோபர் 26 அன்று 200, 500, 1000 நைரா நோட்டுகளுக்குப் புது வடிவம் என்று அறிவிப்பு வந்தது. டிசம்பர் 15இல் புது நோட்டு வெளியீடு. 2023 ஜனவரி 31க்குப் பிறகு பழையது செல்லாது. அதாவது ஏழு வாரம்கூட இல்லை. புது நோட்டைப் பார்த்தவர்களுக்கு நிறம் மாறியதுதான் பெரிய மாற்றமாகத் தெரிந்தது. நிறத்தையாவது பார்த்தார்களே என்று சொல்லலாம், ஏனென்றால் பெரும்பாலானோர் கைக்கு அது வந்து சேரவே இல்லை. பழையதை வங்கியில் கட்டிவிட்டார்கள், புதியதை வங்கியால் கொடுக்க முடியவில்லை. கெடுவைப் பிப்ரவரி 10க்குத் தள்ளிப் பார்த்தார்கள். கணக்கில் பணம் இருந்தும் கையில் காசில்லாத ஜனங்கள் வங்கி வாசலில் மோதினார்கள், கலவரம் வெடித்தது. நடுவில் பொதுத்தேர்தல் வேறு. மார்ச் 3 அன்று உச்ச நீதிமன்றம் தலையிட்டு, பழைய நோட்டு அந்த வருடக் கடைசிவரை செல்லும் என்றது. பின்னர் அந்தக் கெடுவும் காலவரையின்றி நீண்டது. அடித்த நோட்டும் வீணாகவில்லை, பழைய நோட்டும் போகவில்லை; போனது மூன்று மாதத்துப் பிழைப்பு.

அமெரிக்கா இந்தத் தொல்லையே வைத்துக்கொள்வதில்லை. 1861க்குப் பிறகு வெளியிட்ட நோட்டு எல்லாமே இன்றும் செல்லும். பழைய தாளில் கள்ளநோட்டு அடிப்பவருக்கு அது கொஞ்சம் வசதி என்பது உண்மைதான். நடுவழி சுவிட்சர்லாந்து: எட்டாம் வரிசை நோட்டுகள் 2021 ஏப்ரல் கடைசியோடு புழக்கத்தில் செல்லாது, ஆனால் மத்திய வங்கியில் எப்போது கொண்டுபோனாலும் மாற்றித் தருவார்கள். பிரிட்டனின் 1 பவுண்டு காசுக்கு ஆறரை மாத காலம் இரண்டும் செல்லும் என்று வைத்திருந்தார்கள். கள்ளக்காசுதான் கோளாறு என்பதால் அங்கே கெடு நியாயம். கெடு முடிந்த பிறகும் வங்கியில் கட்டலாம் என்ற வழி இருந்தது.

நான் கேட்பது மூன்றே கேள்வி. பழையதைத் திரும்பப் பெறத்தான் வேண்டுமா? வேண்டுமென்றால், புதியது மக்கள் கையில் போதுமான அளவு சேர்ந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? கெடு தாண்டியபின் பரணில் பழைய நோட்டைக் கண்டெடுக்கும் கிழவிக்கு என்ன வழி? கறுப்புப் பணத்தைப் பிடிக்கத்தான் அவசரக் கெடு என்பார்கள். இந்தியாவில் செல்லாது என்ற நோட்டுகளில் மதிப்பளவில் 99.3 சதவீதம் வங்கிக்கே திரும்பி வந்துவிட்டதாக 2018இல் ரிசர்வ் வங்கியே கணக்குக் காட்டியது.

படி 10: அச்சுக்கு அனுப்புமுன்

எழுத்துப்பிழை பார்க்க, அந்த வடிவமைப்பில் கை வைக்காத ஒருவரை உட்கார வையுங்கள். ஆஸ்திரேலியாவின் 2018 வருடத்து 50 டாலர் நோட்டில், ‘பொறுப்பு’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லில் ஒரு எழுத்து விட்டுப்போய், அதே பிழை பொடி எழுத்தில் மூன்று தடவை அச்சானது. 4 கோடியே 60 லட்சம் நோட்டு வெளியே போய், ஆறு மாதத்துக்கு மேல் கழித்துத்தான் யாரோ பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்காமல் தேதி சொல்லாதீர்கள். அமெரிக்காவின் புது 100 டாலர் 2011 பிப்ரவரியில் வருவதாக இருந்து, அச்சின்போது தாளில் மடிப்பு விழுந்ததால் 2013 அக்டோபருக்குப் போனது. அப்புறம், அச்சுவார்ப்புகளைப் பத்திரமாக அனுப்புங்கள். 1986இல் கனடாவின் புது டாலர் காசுக்கான வார்ப்புகள் ஒட்டாவாவிலிருந்து வின்னிபெக் போகும் வழியில் தொலைந்தன. கள்ளக்காசு பயத்தில் வடிவத்தையே மாற்றி, லூன் என்ற நீர்ப்பறவையைப் போட்டார்கள். அந்தக் காசுக்கு இன்றும் அந்தப் பறவையை வைத்துத்தான் செல்லப்பெயர்.

வெளியிட்ட பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது: வதந்தி. இந்தியாவில் 10 ரூபாய் காசு வெவ்வேறு வடிவத்தில் வந்தது. சிலதில் மேலே 10 கோடு, சிலதில் 15. இதில் ஒன்று போலி என்று யாரோ கிளப்பிவிட, பல இடங்களில் எந்த 10 ரூபாய் காசையும் வாங்க மறுத்தார்கள். இதுவரை 14 வடிவங்கள் வந்திருக்கின்றன, எல்லாமே செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிக்கை விட்டது. அதற்கு அப்புறமும் கை நீட்ட மறுத்தவர்கள் இருந்தார்கள். ஆகவே பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் படத்தை, இரண்டும் செல்லும் என்ற ஒரே வரியோடு, வெளியீட்டுக்கு முன்பே எல்லா இடத்திலும் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து, காசாளர்கள் இருக்கும் இடமாகப் போய், புது நோட்டுக் கட்டு ஒன்றில் பழைய நோட்டு இரண்டைச் செருகி எண்ணச் சொல்லுங்கள். அவர் குனிந்து பார்த்துப் பார்த்து எண்ணினால், இன்னும் பழகவில்லை என்று அர்த்தம். பழையதைத் திரும்பப் பெறும் தேதியைத் தள்ளிப் போடுங்கள்.